கேளுங்க அக்காவ: கிறிஸ்துமஸ் யாரு வீட்டு சொத்து?

இந்த மாசம் வந்த கடுதாசி, மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பாதி ஒரே விஷயத்தத்தான் சுத்துது. டிசம்பர் வந்தாலே வாட்ஸ்அப்புல ஒரு கூட்டம் கெளம்பிடும் போல. சரி, மாமியார் கேள்வி, கல்யாண கேள்வியெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இப்ப இத முடிச்சிடுவோம்.

ஜெலுத்தோங், பினாங்குலேர்ந்து ஒரு தம்பி:
அக்கா வணக்கம். நான் பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலை. எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு இங்கிலாந்துக்காரர் இருக்காரு, கேட்டா நான் கிறிஸ்டியன் இல்ல, பேகன்னு சொல்றாரு. போன வருஷம் டிசம்பர் 21 அன்னிக்கு மேசையில மெழுகுவத்தி ஏத்தி வச்சு எல்லாருக்கும் கேக் வெட்டிக் குடுத்தாரு. 25-ம் தேதி அவங்க அம்மாவோட வீடியோ கால்ல கிறிஸ்துமஸ் பாட்டும் பாடுனாராம். எங்க குடும்ப குரூப்புல கிறிஸ்துமஸே பேகன்காரங்க பண்டிகைய திருடுனதுன்னு ஒரு மெசேஜ் சுத்துது. அப்படின்னா இவருக்கு கோவம்தான வரணும்? எப்படி சிரிச்சிக்கிட்டே பாடுறாரு?

தம்பி, கோவப்படுற ஆளுங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா உங்க ஆபீஸ்காரர் மாதிரி ஆளுங்கதான் நெறைய. மொதல்ல இந்த பேகன்காரங்க யாருன்னு சொல்லிடறேன். கிறிஸ்துவம் வர்றதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல மக்கள் கும்பிட்ட சாமிங்க, சூரியன், நிலா, பருவம் இதையெல்லாம் இந்தக் காலத்துல திரும்ப எடுத்து கும்பிடுறவங்க. அதுலயே விக்கா, ட்ரூயிட், ஹீதன்னு பல பிரிவு, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் ஒத்துக்க மாட்டாங்க, அது எல்லா மதத்துலயும் இருக்கற கதைதான். 2021-ல இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேத்து எடுத்த மக்கள் கணக்குல சுமார் 74,000 பேர் பேகன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, விக்கான்னு தனியா எழுதுனவங்க ஒரு 13,000.

இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வருஷத்துக்கு எட்டு பண்டிகை. ரொம்ப நீளமான பகல், ரொம்ப நீளமான ராத்திரி, பகலும் ராத்திரியும் சமமா வர்ற ரெண்டு நாள், இதுங்களுக்கு நடுவுல ஒவ்வொண்ணு, ஆக எட்டு. டிசம்பர் 21 வாக்குல வர்றது யூல். லண்டன்ல அன்னிக்கு வெளிச்சமே எட்டு மணி நேரம் கூட கெடையாது, காலையில எட்டுக்கு விடிஞ்சு நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் பகல் கொஞ்சம் கொஞ்சமா நீளும், அதாவது சூரியன் திரும்பி வருது. அதுக்குத்தான் அந்த மெழுகுவத்தி. அவர் 21-ல செஞ்சது அவர் சாமி காரியம், 25-ல செஞ்சது அம்மா காரியம். இவங்கள்ல நெறைய பேரு பொறந்து வளந்தது கிறிஸ்துவ வீட்டுல, பெரிசானப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தவங்க, அதனால 21-ம் தேதி தன் கூட்டத்தோட, 25-ம் தேதி அம்மா வீட்டு சாப்பாடு, இது அவங்க நடுவுல ரொம்ப சாதாரணம்.

இப்ப திருட்டு விஷயத்துக்கு வருவோம். மெசேஜ்ல என்ன போட்டிருப்பாங்கன்னு எனக்கு மனப்பாடம். ரோம்ல சட்டர்னாலியான்னு ஒரு திருவிழா, அதுதான் கிறிஸ்துமஸ், அப்புறம் டிசம்பர் 25 சூரியன் பொறந்தநாள், அத சர்ச் அமுக்கிடுச்சு. சரி, சட்டர்னாலியா உண்மையான திருவிழாதான், எஜமான் அடிமைக்கு பரிமாறுவான், மெழுகுவத்தியும் பொம்மையும் பரிசா குடுத்துக்குவாங்க, ஆனா அது டிசம்பர் 17-ல தொடங்கி 23-ல முடிஞ்சிடும். 25 எங்க வந்துச்சு? சூரியன் விஷயம் கொஞ்சம் கனமானது. ஆரேலியன்னு ஒரு ரோம ராஜா 274-ல சூரியனுக்கு பெரிய கோயில் கட்டுனாரு. அதுக்கப்புறம் 354-ல தொகுத்த ஒரு நாள்காட்டி இருக்கு, அதுல ஒரு பக்கத்துல டிசம்பர் 25 வெல்ல முடியாத சூரியன் பொறந்த நாள்னு இருக்கு, அதே தொகுப்புல இன்னொரு பக்கத்துல டிசம்பர் 25 கிறிஸ்து பெத்லகேம்ல பொறந்தாருன்னும் இருக்கு. இந்த ரெண்டாவது பட்டியல் 336-ஐ சேந்ததுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒரே ஏட்டுல அக்கம்பக்கத்துல நிக்கிறாங்க, இதுல யாரு யாருக்கிட்டேர்ந்து எடுத்தாங்கன்னு அடிச்சு சொல்ற அளவுக்கு சாட்சி போதாது. இன்னொரு கட்சியும் இருக்கு, ஆதி கிறிஸ்துவங்க மார்ச் 25-ல இயேசு கருவுல உருவானாருன்னு கணக்கு வச்சாங்க, அதுலேர்ந்து ஒம்பது மாசம் கூட்டுனா டிசம்பர் 25 தானா வந்துடும், சூரியனே தேவையில்லன்னு.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா இந்தக் கதைய பிரிச்சு மேஞ்சதுல முக்கியமான ஆளு ரொனால்ட் ஹட்டன், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து சரித்திர பேராசிரியர், அவர எங்கள திட்டுறாருன்னு பேகன்காரங்க ஒதுக்கல, அவங்க கூட்டங்கள்லயே அவருக்கு தனி மரியாதை. படிச்ச பேகன்கிட்ட போயி கிறிஸ்துமஸ் உங்களோடதாமேன்னு கேட்டீங்கன்னா, குளிர்காலத்துல விளக்கு ஏத்தறதும் பச்சை இலை மாட்டறதும் யாருக்கும் தனி சொந்தமில்லன்னுதான் சொல்வாரு. அதே சமயம் சர்ச்சுல அடிபட்டு காயப்பட்டு வெளிய வந்தவங்க சில பேரு இருக்காங்க, ஓரினச் சேர்க்கையாளர்னு வீட்ட விட்டு அனுப்புனது, சின்ன வயசுல நரகம் நரகம்னு பயமுறுத்துனது, அந்த மாதிரி. அவங்க டிசம்பர்ல எங்க பண்டிகைய திருப்பிக் குடுன்னு பதிவு போட்டா அதுல சரித்திரத்த விட வலிதான் அதிகம். அவங்ககிட்ட 354 நாள்காட்டிய தூக்கிட்டுப் போயி வாதாடாதீங்க.

ஹீதன்னு சொல்ற, வட ஐரோப்பாவோட பழைய சாமிங்கள கும்பிடுறவங்க வேற ரகம், இவங்க நம்ம ஊரு வாக்கிய பஞ்சாங்கம் திருக்கணித பஞ்சாங்கம் சண்டைக்கு குறைஞ்சவங்க இல்ல. நார்வேயில ஹாக்கோன்னு ஒரு ராஜா, 10-ம் நூற்றாண்டுக்காரர், யூல கிறிஸ்துமஸ் தேதிக்கு மாத்தி வைக்கச் சொல்லி சட்டம் போட்டாருன்னு ஐஸ்லாந்து ஏடுகள்ல வருது. அப்ப ஒரிஜினல் யூல் வேற நாள்தானன்னு கேட்டு, நிலாக் கணக்கு போட்டு ஜனவரியில கொண்டாடுற ஆளுங்களும் உண்டு. இங்க மட்டும் பாருங்க தம்பி, நகத்தினது உண்மைன்னு சொல்ல கொஞ்சம் ஆதாரம் இருக்கு.

அவருக்கு என்ன வாழ்த்து சொல்றதுன்னும் கீழ ஒரு வரி கேட்டிருந்தீங்க. 21-ம் தேதி வாக்குல ஹேப்பி யூல்னு சொல்லுங்க, போதும். மெர்ரி கிறிஸ்துமஸ்னு வாய் தவறி வந்தாலும் அவர் ஒண்ணும் மூஞ்ச தூக்க மாட்டாரு.

புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்து ஒரு வாசகி:
அக்கா, நாங்க பரம்பரை கத்தோலிக்கங்க. என் நாத்தனார் போன வருஷம் ஒரு புது சபையில சேந்தாங்க. அதுலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்தா கிறிஸ்துமஸ் மரத்த பாத்து பைபிள்ல எரேமியா 10 படிச்சிப் பாருங்க அண்ணின்னு ஆரம்பிச்சிடறாங்க. ஈஸ்டர்ங்கறது பாபிலோன் தேவி இஷ்தாராம், முட்டையும் முயலும் அவளோட சின்னமாம், பிள்ளைங்களுக்கு முட்டைக்கு கலர் அடிக்க விடாதீங்கன்னு சொல்றாங்க. பேகன் ஆளுங்களே அப்படித்தான் சொல்றாங்களாம். உண்மையாக்கா?

அம்மா, உங்க நாத்தனார் சொல்றது ஒண்ணும் புதுசு இல்ல, ஸ்காட்லாந்துல அலெக்சாண்டர் ஹிஸ்லப்னு ஒரு புராட்டஸ்டண்ட் போதகர் கத்தோலிக்கம் மொத்தமும் பாபிலோன் மதம்னு நிரூபிக்கறேன்னு கெளம்பி 1858-ல புத்தகமா போட்டாரு, இந்த இஷ்தார் கதைய பரப்புனதுல அவருக்குத்தான் பெரிய பங்கு. ஈஸ்டருக்கும் இஷ்தாருக்கும் காதுல ஒரே மாதிரி விழுதுங்கறத தவிர வேற சம்பந்தம் கெடையாது. யூதருங்க கொண்டாடுற பாஸ்கா பண்டிகைய ஒட்டி வந்தது அது, நெறைய மொழியில இன்னிக்கும் அந்தப் பேருதான். நம்மளும் பாஸ்கா காலம், பாஸ்கா திரின்னுதான சொல்றோம்.

இங்கிலீஷ் பேருக்கு மட்டும் ஒரு கதை இருக்கு. பீட்னு ஒரு இங்கிலாந்து துறவி 725-ல எழுதி வச்சிருக்காரு, எங்க ஊருல முன்னாடி ஏப்ரல் மாசத்த ஈஓஸ்ட்ரங்கற தேவி பேரால கூப்பிடுவாங்க, அந்த மாசத்துல வர்றதால இந்தப் பண்டிகைக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னு. அந்த தேவிய பத்தி அவர் சொன்னது அவ்ளோதான். முயல் இல்ல, முட்டை இல்ல, கதையே இல்ல. அப்புறம் 1835-ல ஜெர்மன்காரர் யாக்கோப் கிரிம், அதான் அண்ணன் தம்பியா சேந்து கதைங்கள தொகுத்தாங்களே அவர்தான், ஜெர்மனியிலயும் ஒஸ்டாரான்னு ஒரு தேவி இருந்திருக்கணும்னு ஊகிச்சாரு. அந்த ஊகத்துக்கு மேல ஊகமா வச்சு கட்டுன வீட்டுலதான் இப்ப எல்லாரும் குடியிருக்காங்க. ஈஸ்டர் முயல பத்தி எழுத்துல வர்றதே 1682-ல, அதுவும் ஜெர்மனியில, அதுக்குள்ள அந்த ஊரு கிறிஸ்துவமா மாறி பல நூறு வருஷம் ஆயிடுச்சு. முட்டைக்கு ஏன் தேவிய தேடணும்? தவக்காலத்துல அந்தக் காலத்து ஆளுங்க முட்டை தொட மாட்டாங்க, கோழிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு போட்டுக்கிட்டே இருக்கும், நாப்பது நாள் சேந்த முட்டைய ஈஸ்டர் அன்னிக்கு என்னதான் செய்வாங்க.

பேகன்காரங்க என்ன சொல்றாங்கன்னா, மார்ச் 20 வாக்குல பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள ஒஸ்டாரான்னு கொண்டாடுறாங்க, முட்டைக்கு கலரும் அடிக்கிறாங்க. அந்தப் பேர அந்தப் பண்டிகைக்கு வச்சதே 1974-ல, கலிபோர்னியாவுல எய்டன் கெல்லின்னு ஒரு விக்காக்காரர். செப்டம்பர்ல வர்ற மேபனுக்கும் அவர்தான் பேரு வச்சாரு. என் மூத்த அண்ணன விட வயசுல சின்ன பேருங்க. அவங்கள்ல கொஞ்சம் படிச்சவங்களுக்கு இது தெரியும், தெரிஞ்சும் கொண்டாடுறாங்க, பண்டிகை பழசா இருந்தாத்தான் செல்லும்னு அவங்க நெனைக்கல, வசந்தம் வந்தது நிஜம், தேவி நெஞ்சுக்குள்ள வந்தது நிஜம், அது போதும்னு. இஷ்தார் மெசேஜ பாத்தா அவங்களுக்கே எரிச்சல்தான் வரும், அத திருத்தி எழுதறதே வருஷா வருஷம் அவங்களுக்கு ஒரு வேலை.

உங்க நாத்தனார் கட்சிக்கும் ஒரு நியாயம் சொல்லணும். பைபிள்ல இல்லாத பண்டிகை எதுக்குன்னு கேக்கறது கிறிஸ்துவத்துக்குள்ளயே பழைய வாதம். இங்கிலாந்து பாராளுமன்றமே 1647-ல கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாத்தையும் ரத்து பண்ணுச்சு, 1660-ல ராஜா ஆட்சி திரும்பி வந்தப்புறம்தான் மறுபடி வந்துச்சு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1659-லேர்ந்து 1681 வரைக்கும் கிறிஸ்துமஸ் கொண்டாடுனா 5 ஷில்லிங் அபராதம். இது பேகன் பண்டிகைன்னு மொதல்ல ஊரு பூரா தமுக்கு அடிச்சவங்க பேகன்காரங்க இல்ல, இந்த மாதிரி பண்டிகைய எதிர்த்த கிறிஸ்துவங்கதான். அவங்க அடிச்ச தமுக்க எடுத்துத்தான் பின்னாடி வந்த பேகன்ல சில பேரு எங்களோடதுன்னு அடிச்சாங்க. எரேமியா 10 காட்டுல மரத்த வெட்டி உளியால செதுக்கி விக்கிரகம் பண்றத பத்தி பேசுது, வீட்டு ஹால்ல லைட்டு போட்டு வச்ச பிளாஸ்டிக் மரத்துக்கு ஜெர்மனியில 16-ம் நூற்றாண்டுக்கு மேலதான் சரித்திரமே. நாத்தனாருக்கு பிடிக்கலன்னா அவங்க வீட்டுல வைக்க வேணாம். உங்க பிள்ளைங்க முட்டைக்கு கலர் அடிக்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து ஓய்வு பெற்ற கிராணி ஐயா ஒருத்தர்:
இந்த விக்கா மதத்த ஆரம்பிச்ச வெள்ளக்காரர் நம்ம மலாயாவுல ரப்பர் தோட்டத்துல இருந்தவர்னு பேரன் சொல்றான். கதை விடறானா?

இல்லைங்க ஐயா, பேரன் சரியாத்தான் சொல்றான். ஜெரால்ட் கார்ட்னர், 1884-ல லிவர்பூல் பக்கம் பொறந்தவரு. 16 வயசு வாக்குல சிலோன் தேயிலைத் தோட்டம், அப்புறம் போர்னியோ, 1911-ல மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்துல துரை. 1923-லேர்ந்து அரசாங்க வேலை, மொதல்ல தோட்டங்கள பாத்து வர்ற இன்ஸ்பெக்டர், பின்ன ஜொகூர்ல கஸ்டம்ஸ். நம்ம தாத்தாமாருங்க பால் வெட்டுன காலத்துல அந்த மனுசன் ஒரு பக்கம் கணக்கு பாத்துக்கிட்டு இன்னொரு பக்கம் போமோங்கற மலாய் மந்திரவாதிங்க, மந்திரம், கிரிஸ் கத்தியில சக்தி இருக்கா இல்லையான்னு அலைஞ்சிருக்காரு. கிரிஸ் கத்திய பத்தி 1936-ல ஒரு புத்தகமே போட்டாரு, சிங்கப்பூர்ல அச்சானது, அந்த விஷயத்துல இன்னிக்கும் மதிக்கற புத்தகம்.

அதே வருஷம் ரிட்டையராகி இங்கிலாந்து போனாரு. 1939-ல அங்க ஒரு காட்டோரத்துல ரகசியமா வாழ்ந்த சூனியக்கார கூட்டம் ஒண்ணு தன்ன சேத்துக்கிட்டதா சொன்னாரு. சூனியத்துக்கு எதிரான பழைய சட்டத்த 1951-ல எடுத்தாங்க, 1954-ல இவரு புத்தகம் போட்டாரு, அதுலேர்ந்து விக்கா பரவுச்சு. அந்த புத்தகத்துக்கு முன்னுரை எழுதுனது மார்கரெட் மரேன்னு எகிப்து பத்தி ஆராய்ச்சி பண்ண ஒரு அம்மா. ஐரோப்பாவுல சூனியக்காரிங்கன்னு எரிச்சாங்களே, அவங்கல்லாம் உண்மையில ஒளிஞ்சு வாழ்ந்த பழைய மதத்துக்காரங்கன்னு 1921-லயே எழுதுனவங்க அந்தம்மா. சரித்திரக்காரங்க அத அப்புறம் தூக்கிப் போட்டாங்க. ஆனா மேல தம்பி கேட்டாரே, திருட்டு, கோவம்னு, அந்தக் கதைக்கு வேரு இங்கதான் இருக்கு: எங்க மதம் அறுபடாம வந்துச்சு, சர்ச் அத மூடி மறைச்சிட்டு பண்டிகைய மட்டும் எடுத்துக்கிச்சுன்னு. ரெண்டாயிரம் வருஷ பரம்பரைன்னு நெனைச்சு சேந்தவங்களுக்கு இது ஒரு ஜொகூர் கஸ்டம்ஸ் ஆபீசர் கொண்டாந்ததுன்னு தெரிய வந்தப்ப கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. சில பேரு வெளியேறிட்டாங்க. நெறைய பேரு, சரி புது மதம்தான், அதனால என்னன்னு இருந்துட்டாங்க. எனக்கு இந்த ரெண்டாவது கூட்டத்த ரொம்ப பிடிக்கும் ஐயா. கார்ட்னர் 1964-ல கப்பல்ல போகும்போது இறந்தாரு, துனிஸ்ல புதைச்சிருக்காங்க.

செந்தூல்லேர்ந்து ஒரு வாசகி:
நான் கத்தோலிக்கப் பொண்ணு, கல்யாணம் பண்ணது இந்து வீட்டுல. எங்க கத்தோலிக்கக் கோயில்ல ஒவ்வொரு வருஷமும் பொங்கல் பூசை வைக்கறாங்க. மாமியார் சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாங்க, கிறிஸ்துமஸ வெள்ளக்காரன்கிட்ட எடுத்தீங்க, இப்ப பொங்கல எங்ககிட்ட எடுக்கறீங்களான்னு. எனக்கு பதில் வரலக்கா.

உங்க மாமியார் சரியான ஆளும்மா, ஒரே கேள்வியில மொத்த விஷயத்தையும் போட்டாங்க. 601-ல போப் கிரகோரி இங்கிலாந்துக்கு போன மெலிட்டஸ்ங்கற சாமியாருக்கு ஒரு கடுதாசி எழுதுனாரு. அந்த ஊரு ஜனங்களோட பழைய கோயில இடிக்காதீங்க, உள்ள இருக்கற சிலைய மட்டும் எடுத்துட்டு தீர்த்தம் தெளிங்க, மாடு வெட்டி படைக்கற வழக்கத்த விருந்தா மாத்தி விடுங்க, பழகுன இடம்னா ஜனங்க தானா வருவாங்கன்னு. பேகன்காரங்க திருட்டுக்கு சாட்சின்னு எடுத்து நீட்டறதுல இதுதான் நிஜமாவே வலுவானது, நானும் இதுல அவங்க பக்கம்தான், இது திட்டம் போட்டு செஞ்சது. மேலேர்ந்து ஒருத்தர் கீழ இருக்கறவங்களுக்காக முடிவெடுக்கறாரு.

செந்தூல்லயும் புடுவிலயும் நடக்கறது அது இல்லம்மா. கோயில் வளாகத்துல கரும்பு கட்டி, மூணு கல்லுல புதுப்பானை வச்சு, சேலை முந்தானைய இழுத்து சொருகிக்கிட்டு பால் பொங்கறப்ப பொங்கலோ பொங்கல்னு கத்தறது யாரு? தாத்தா காலத்துலேர்ந்து தைப் பொறந்தா பானை வச்ச வீட்டுப் பொண்ணுங்கதான். ஞானஸ்நானம் எடுத்ததால அவங்க தமிழச்சி இல்லாம போயிட்டாங்களா? பாதர் வந்து பானையில தீர்த்தம் தெளிக்கறாரு, அது கிரகோரி கடுதாசியில வர்ற அதே தீர்த்தம்தான், அத நான் மறுக்கல. ஆனா எடுத்தது, குடுத்ததுன்னு ரெண்டு ஆளு இருந்தாத்தான திருட்டு. இங்க ரெண்டும் ஒரே ஆளு. ஐரோப்பாவுல பேகன்காரங்களுக்கு இருக்கற சங்கடமே அந்தப் பழைய கும்பிடுறவங்க யாரும் உயிரோட இல்லங்கறதுதான், இவங்க போயி கேக்க முடியாது. உங்களுக்கு மாமியார் இருக்காங்க, கேக்கலாம், வருஷா வருஷம் அவங்களையே கூட்டிட்டுப் போயி பானை பக்கத்துல உக்கார வைங்க. புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாவுக்கு ஜூலையில வந்து மெழுகுவத்தி ஏத்தற கூட்டத்துல எத்தன பேரு நெத்தியில விபூதியோட நிக்கறாங்கன்னு பாத்திருப்பீங்கல்ல, அவங்கள யாரும் கணக்கு கேக்கறதில்ல.

கோலாலம்பூர்ல படிக்கற ஒரு தம்பி:
அக்கா, ஹாலோவீன் பேகன் பண்டிகைதானே? இங்க ஷாப்பிங் மால்ல கொண்டாடறத பாத்தா அவங்க என்ன நெனைப்பாங்க? மலேசியாவுல குளிரும் இல்ல வசந்தமும் இல்ல, இங்க இருக்கற பேகன் எட்டு பண்டிகைய எப்படி கொண்டாடுவாங்க?

ரெண்டு கேள்விக்கும் சின்னதா சொல்றேன் தம்பி, பக்கம் முடியப் போகுது. அயர்லாந்துல நவம்பர் 1-ஐ ஒட்டி சௌவின்னு ஒரு பழைய திருவிழா உண்டு, மாட்ட மேய்ச்சல்லேர்ந்து திருப்பி ஓட்டிட்டு வர்ற நேரம், குளிர்காலத் தொடக்கம். நவம்பர் 1 எல்லா புனிதர் திருநாள்னு எல்லாருக்கும் பொதுவா ஆனது 835 வாக்குல, போப் நாலாம் கிரகோரி காலத்துல. புனிதர் நாளா ஆன தேதி அயர்லாந்த பாத்து வச்சதுதானாங்கறதுல சரித்திரக்காரங்க ஒத்துப் போகல. இப்ப இருக்கற பேகனுக்கு அது செத்தவங்கள நெனைக்கற ராத்திரி, இறந்து போன பாட்டி தாத்தாவுக்கு ஒரு தட்டு சாப்பாடு எடுத்து வைக்கறவங்க உண்டு, நம்ம அமாவாசை படையல் மாதிரியே. மால்ல ரத்த மேக்கப் போட்டு சுத்தறத பாத்தா சில பேருக்கு சிரிப்பு, கூம்புத் தொப்பியும் பச்சை மூஞ்சியுமா சூனியக்காரி வேஷம் போடறது சில பேருக்கு பிடிக்கறதில்ல. ரெண்டு வேளையும் வச்சுக்கறவங்கதான் அதிகம், சாயங்காலம் பிள்ளைங்களோட பூசணிக்காய் வெட்டிட்டு ராத்திரி படையல்.

பருவம் விஷயத்துல ஆஸ்திரேலியாவ பாருங்க. அங்க டிசம்பர்ல வெயில் கொளுத்தும், அதனால அங்க இருக்கற பேகன் நெறைய பேரு எட்டு பண்டிகையும் சுத்தி வர்ற சக்கரத்தையே தலைகீழா திருப்பிட்டாங்க, யூல் ஜூன்ல, எல்லாரும் ஹாலோவீன் வேஷம் போடற அன்னிக்கு அவங்களுக்கு கோடைய வரவேற்கற பெல்டேன். கிறிஸ்துமஸ் மட்டும் பாவம் டிசம்பர்லயே பஞ்சு பனியோட நிக்குது, அத காட்டி அவங்க நல்லா கேலி பண்ணுவாங்க, பண்டிகைய பூமியிலேர்ந்து பிச்சு எடுத்தா இப்படித்தான் ஆகும்னு. நம்ம ஊருல திருப்பவும் ஒண்ணும் இல்ல. கோலாலம்பூர்ல வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் 22 நிமிஷம், பினாங்குல 40 நிமிஷம் கூட வராது. இங்க உக்காந்து சூரியன் திரும்பி வருதுன்னு யாராவது விளக்கு ஏத்துனா, எங்க போச்சு திரும்பி வர்றதுக்குன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேப்பாங்க. பருவம்னு பாத்தா மழைக்காத்து மாறுற நேரம், டுரியான் சீசன் இதத்தான் பிடிச்சுக்கணும். பாலிக் பூலாவ்ல ஜூன் மாசம் டுரியான் விழற சத்தம் கேட்டிருக்கீங்களா தம்பி, அதுக்கு ஒரு பண்டிகை வச்சா நானே மொத ஆளா வந்து நிப்பேன்.